பழைய டிராலர் படகு: ரசிக்கலாம், விலையும் போடலாம் – வாசகர் கேள்வி பதில்

அமெரிக்காவில் விற்பனைக்கு வரும் பழைய டிராலர் யாட்டுகளைப் பற்றிப் போன இதழில் இரண்டு பத்தி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தபின் இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இது மீன் பிடிக்கப் போகிற படகு அல்ல. மீன்பிடிப் படகின் உடம்பை வைத்துக்கொண்டு உள்ளே சமையலறை, படுக்கை, கழிவறை எல்லாம் அமைத்து, கணவனும் மனைவியும் மாதக்கணக்கில் தங்கிப் பயணம் போகிற மாதிரி கட்டிய டீசல் படகு.

கேள்வி: ஐயா, சனிக்கிழமை ராத்திரி ஆனால் பழைய கிராண்ட் பேங்க்ஸ் விற்பனை விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். வாங்கும் அளவுக்குக் கையில் பணம் இல்லை. சும்மா பார்ப்பதில் ஏதாவது பயன் உண்டா?
– வாசகர், சியாட்டில்

பதில்: நிறைய உண்டு. வருஷக்கணக்கில் பார்த்தவர்களுக்குத்தான் விலை பிடிபடும். எந்தப் படகு வந்த வாரமே போனது, எது இரண்டு வருஷமாக அதே படத்தோடு, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும் விலையோடு நிற்கிறது என்று கவனித்து வந்தவரை எந்த புரோக்கரும் ஏமாற்ற முடியாது.

அதை விடுங்கள், அந்தப் படகுகள் பார்க்கத் தகுந்தவை. ராபர்ட் நியூட்டனும் அவருடைய மகன்களும் ஹாங்காங்கில் நடத்திய அமெரிக்கன் மெரைன் என்ற கட்டுமானத் தளத்தில், கென்னத் ஸ்மித் வரைந்த வடிவத்தில், 1960களின் நடுவில் வந்தது கிராண்ட் பேங்க்ஸ் 36. அணியத்தில் உயர்ந்து, நடுவில் தாழ்ந்து, பின்பக்கம் மறுபடி லேசாக எழும் அந்த விளிம்புக் கோட்டைப் பாருங்கள். அதில் ஒரு இடத்திலும் அவசரம் இருக்காது. அலை முகத்தில் அடிக்காமல் இருக்க முன்பக்கம் உயரம், தண்ணீருக்குப் பக்கத்தில் நின்று கயிறு கட்ட நடுப்பக்கம் தாழ்வு. அழகுக்காக வளைத்தது என்று நாம் நினைப்பதெல்லாம் வேலைக்காக வளைத்தது. 1973ல் மரத்திலிருந்து ஃபைபர் கிளாசுக்கு மாறியபோதுகூட, பலகை பலகையாக அடித்த பழைய உடம்பின் கோடுகளை அச்சிலேயே பதித்து வார்த்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் இன்றைக்கும் மரப்படகு மாதிரித்தான் தெரியும். சுற்றிலும் தேக்குக் கைப்பிடி, உள்ளே தேக்குச் சுவர், பின்னால் ஒரு சின்னக் கம்பம். உங்கள் ஊரில் லேக் யூனியன் பக்கமோ, கொஞ்சம் வடக்கே அனகோர்ட்டஸ் பக்கமோ போனால் நேரிலேயே பார்க்கலாம். படத்தில் பார்ப்பது பாதிதான். துறையில் நின்று பக்கவாட்டில் பாருங்கள், உரிமையாளர் இருந்தால் ஒரு வார்த்தை பாராட்டுங்கள். இந்தப் படகு வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் உள்ளே கூப்பிட்டு எஞ்சின் அறை வரைக்கும் காட்டுவார்கள்.

கேள்வி: 40 அடிப் படகு 7 நாட் (மணிக்கு 7 கடல் மைல்) வேகத்தில்தான் போகும் என்கிறார்கள். இவ்வளவு மெதுவாகப் போவதற்கா இவ்வளவு பணம்?
– வாசகர், டாம்பா

பதில்: எஞ்சினில் குறை இல்லை, தண்ணீரின் கணக்கு அப்படி. தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகிற உடம்புக்கு ஒரு எல்லை உண்டு. நீர்க்கோட்டு நீளத்தை, அதாவது உடம்பு தண்ணீரைத் தொடும் நீளத்தை, அடிக் கணக்கில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் வருவதுதான் நாட் கணக்கில் அந்த எல்லை. 35 அடி நீர்க்கோடு என்றால் ஏறக்குறைய 7.9. அதைத் தாண்ட வேண்டுமானால் படகு தன் சொந்த அலை மேலேயே ஏற வேண்டும். அதற்கு ஆகும் குதிரைசக்தி பயங்கரம். எல்லைக்குக் கொஞ்சம் கீழே, 7 நாட் வேகத்தில் போனால் ஒற்றை எஞ்சின் கிராண்ட் பேங்க்ஸ் 36 மணிக்குச் சுமார் 2 கேலன் டீசலில் ஓடும். அதே நீளமுள்ள வேகப்படகு 20 நாட் வேகத்தில் போக அதைப்போல் பத்து மடங்குக்கு மேல் குடிக்கும். டாம்பாவிலிருந்து கீ வெஸ்ட்டுக்கு நீங்கள் ஒரு நாள் அதிகம் எடுத்துப் போவீர்கள், ஆனால் போகிற வழியில் சாயா போட்டுக் குடிக்கலாம், டால்பின் பார்க்கலாம், பேசினால் காதில் விழும்.

கேள்வி: 1977ல் கட்டிய இரண்டு கிராண்ட் பேங்க்ஸ் 36 பார்த்தேன். ஒன்றுக்கு 48,000 டாலர் கேட்கிறார்கள், இன்னொன்றுக்கு 92,000. படத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கின்றன. சரியான விலை எது?
– வாசகர், ஹூஸ்டன்

பதில்: எனக்கு வந்ததில் முக்கியமான கேள்வி இதுதான், அதனால் நீட்டி எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. விளம்பரத்தில் இருப்பது கேட்கும் விலை. படிந்த விலை வேறு. கைமாறிய படகுகளின் உண்மையான விலைப் பட்டியல் புரோக்கர்கள் கையில் இருக்கும், நமக்கு நேராகக் கிடைக்காது. ஆனால் உங்கள் பக்கம் ஒரு புரோக்கரை வைத்துக்கொண்டால் அவர் எடுத்துக் காட்டுவார். கமிஷன் வழக்கமாக விற்பவர் பணத்திலிருந்துதான் போகும், அதனால் தயங்க வேண்டாம்.

இனி அந்த 44,000 டாலர் வித்தியாசம். அது எங்கே ஒளிந்திருக்கும் என்றால் மேல்தளத்தில், எரிபொருள் தொட்டியில், சன்னலில், வயரிங்கில். அந்தக் காலப் படகுகளில் ஃபைபர் தளத்தின் மேல் தேக்குப் பலகையை நூற்றுக்கணக்கான திருகாணி போட்டு இறுக்கியிருப்பார்கள். ஒவ்வொரு திருகாணியும் ஒரு ஓட்டை. வருஷாவருஷம் தேய்த்துத் தேய்த்துத் தேக்கு மெலிந்து, திருகாணித் தலையை மூடியிருக்கும் மரக்குமிழ் கழன்றுவிட்டால் தண்ணீர் அந்த ஓட்டை வழியே இறங்கி, இரண்டு ஃபைபர் அடுக்குக்கு நடுவில் இருக்கும் மரத்தை ஊறவைக்கும். வெளியே பார்த்தால் பளபளவென்று எண்ணெய் பூசிய தேக்கு, உள்ளே சகதி. இதைப் பிடுங்கி, நனைந்ததை வெட்டியெடுத்து, புதிதாக ஃபைபர் போட்டு முடிக்க, படகு பழுது பார்க்கும் யார்டுகள் பெரும்பாலும் 20,000 டாலருக்குக் குறைந்து பேசுவதில்லை. நடந்து பாருங்கள், காலடியில் தளம் மெத்தென்று அமுங்குகிறதா என்று பாருங்கள். பிளாஸ்டிக் சுத்தியலின் பிடியால் தட்டிக்கொண்டே போனால் கெட்டியான இடம் கணீரென்று பேசும், ஊறிய இடம் மொத்தென்று பேசும்.

தொட்டி இன்னும் மோசம். பழைய இரும்புத் தொட்டிகள் அடியில் அரிப்பதைவிட மேலே அரிப்பதுதான் அதிகம், டீசல் ஊற்றும் வாய் பக்கத்தில் தளம் ஒழுகி, தண்ணீர் தொட்டியின் தலையிலேயே தேங்கி நிற்பதால். அதை மாற்ற வேண்டும் என்றால் பல படகுகளில் எஞ்சினையே தூக்கி வெளியே வைக்க வேண்டியிருக்கும். இரட்டை எஞ்சின் என்றால் கேட்கவே வேண்டாம். தைவானில் கட்டிய மலிவான டிராலர்கள் பலவற்றில் அறைச் சுவரே பிளைவுட்டின் மேல் ஃபைபர் ஒட்டியதுதான். சன்னல் ஒழுகினால் சுவர் உள்ளுக்குள் உளுத்துவிடும். சன்னலின் கீழ்மூலையில் வார்னிஷ் கறுத்திருக்கிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அந்தக் கறுப்பு ஒன்றே போதும்.

நான் போடும் கணக்கு எளிது. அதே வருஷத்துப் படகு நல்ல நிலையில் இருந்தால் என்ன படியும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். தளம், தொட்டி, சன்னல், வயர், அதோடு அடுத்த ஐந்து வருஷத்தில் கட்டாயம் செய்தாக வேண்டியது எல்லாவற்றுக்கும் யார்டில் கேட்டு எழுதுங்கள், அதைக் கழியுங்கள். மிச்சம்தான் விலை. 48,000 டாலர் படகில் தளமும் தொட்டியும் போயிருந்தால் நீங்கள் 92,000ஐத் தாண்டித்தான் நிற்பீர்கள், நடுவில் ஒரு கோடைக்காலமும் போயிருக்கும். 92,000 கேட்பவர் தளத்தையும் தொட்டியையும் மாற்றிவிட்டு ரசீது வைத்திருந்தால் அவர் கேட்பதில் தப்பில்லை.

இரண்டு விஷயத்துக்கு மட்டும் நான் ஒரு டாலரும் கூட்டித் தர மாட்டேன். ஒன்று, பத்து வருஷத்துக்கு முந்திய ரேடாரும் திரையும். இன்னொன்று, புது மெத்தையும் திரைச்சீலையும். விளம்பரத்தில் சோபா படம் ஏழு, எஞ்சின் அறை படம் ஒன்றுகூட இல்லை என்றால் அடுத்த விளம்பரத்துக்குப் போங்கள்.

கேள்வி: 1978 படகு, ஃபோர்டு லேமன் எஞ்சின், 5,000 மணி நேரம் ஓடியிருக்கிறது. ஓய்ந்துபோன எஞ்சினா?
– வாசகி, நியூ ஜெர்சி

பதில்: இல்லை, நடுவயது. இங்கிலாந்தில் ஃபோர்டு செய்த ஆறு சிலிண்டர் டீசலை எடுத்து, உங்கள் மாநிலத்திலேயே லிண்டன் நகரில் இருந்த லேமன் கம்பெனி கடலுக்கு ஏற்றபடி மாற்றி விற்றது. 120 குதிரைசக்தி. அலட்டிக்கொள்ளாமல் ஓடும் எஞ்சின். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டவர்கள் 10,000 மணியைத் தாண்டி ஓட்டியிருக்கிறார்கள், உதிரி பாகமும் இன்றைக்கும் கிடைக்கிறது. நாற்பது வருஷத்தில் 900 மணி மட்டும் ஓடியது என்று பெருமையாகப் போட்டிருந்தால்தான் எனக்குக் கவலை, ஓடாமல் நின்ற டீசல் உள்ளுக்குள் துருப்பிடிக்கும்.

ஒன்று மட்டும் கேளுங்கள். லேமன் 120ல், டீசலைச் சிலிண்டருக்குள் பாய்ச்சும் இன்ஜெக்‌ஷன் பம்புக்குத் தனி எண்ணெய் உண்டு, எஞ்சின் எண்ணெயோடு சேராது. அதை 50 மணிக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். "பம்ப் எண்ணெய் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?" என்று விற்பவரிடம் கேட்டுப் பாருங்கள். நோட்டை எடுத்துத் தேதி காட்டுகிறாரா, எந்த எண்ணெய் என்று திருப்பிக் கேட்கிறாரா என்பதில் அந்த எஞ்சினின் கதை முழுவதும் வந்துவிடும். அப்புறம் ஹீட் எக்ஸ்சேஞ்சர், எண்ணெய் கூலர், எக்ஸாஸ்ட் வளைவு, இவை எப்போது மாற்றியது என்று பாருங்கள். இவை உப்புத் தண்ணீர் படுகிற பாகங்கள், எஞ்சின் நன்றாக இருந்தாலும் இவை தேயும்.

கேள்வி: ஒற்றை எஞ்சினா, இரட்டையா?
– வாசகர், பாஸ்டன்

பதில்: ஒற்றை. எஞ்சின் அறையில் ஆள் உட்கார்ந்து வேலை பார்க்க இடம் இருக்கும், செலவு பாதி, நடுவில் இருக்கும் புரொப்பல்லரைக் கீல், அதாவது அடிப்பக்கத்தில் நீளமாக ஓடும் முதுகெலும்பு, காப்பாற்றும். சிங்கி இறால் கூட்டின் கயிறு நிறைய மிதக்கும் உங்கள் கடற்கரைக்கு அது பெரிய விஷயம். துறையில் திருப்பத் தடுமாற்றமாக இருந்தால் அணியத்தில், படகைப் பக்கவாட்டில் தள்ளும் ஒரு த்ரஸ்டர் போட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: ஓய்வு பெற்றபின் ஹவாய் வரை சொந்தப் படகில் போக ஆசை. கிராண்ட் பேங்க்ஸ் 42, கேடி-குரோகன் 42, நார்ட்ஹாவன் 46 மூன்றையும் பார்த்துவைத்திருக்கிறேன். விலை எங்கேயோ இருக்கிறதே?
– வாசகர், சான் டியாகோ

பதில்: அந்த வித்தியாசம் அலங்காரத்துக்கு இல்லை, கடலுக்கு. கிராண்ட் பேங்க்ஸை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று மேலே படித்திருப்பீர்கள், ஆனாலும் ஹவாய்க்கு அதில் போகச் சொல்ல மாட்டேன். அது கரையோரப் படகு. பெரிய சன்னல், அகலமான தட்டைப் பின்பக்கம், நடுக்கடலில் பக்கவாட்டு அலையில் நன்றாக உருளும்.

குரோகன் 42 வேறு ஜாதி. ஜேம்ஸ் குரோகன் வரைந்து, 1970களின் பிற்பகுதி முதல் 1990களின் பிற்பகுதி வரை தைவானில் 206 படகுகள் கட்டினார்கள். முழுக்க முழுக்கத் தண்ணீரைத் தள்ளிப் போகும் உருண்டை உடம்பு, 700 கேலன் டீசல். பெருங்கடல் தாண்டிய குரோகன்கள் உண்டு. ஆனால் உங்கள் ஊரிலிருந்து ஹவாய் ஏறத்தாழ 2,200 கடல் மைல். அதற்கு 700 கேலன் என்றால் வேகத்தைக் குறைத்து, கணக்குப் பார்த்துப் பார்த்துத்தான் போக வேண்டும். பழைய குரோகன்களில் நீர்மட்டத்துக்குக் கீழேயும் இரண்டு அடுக்கு ஃபைபருக்கு நடுவில் நுரை வைத்துக் கட்டியிருக்கும், அதில் ஈரம் ஏறியிருக்கிறதா என்று, படகைச் சோதித்து அறிக்கை தரும் சர்வேயர் தனியாகப் பார்க்க வேண்டும்.

நார்ட்ஹாவன் 46 இதற்கென்றே பிறந்தது. உங்களுக்கு வடக்கே டேனா பாயின்ட்டில் இருக்கும் கம்பெனி, 1989ல் கொண்டுவந்தார்கள். கனமான உடம்பு, அடியில் எடை, சுமார் 1,000 கேலன் டீசல், உயரமான வீல்ஹவுஸ், அதாவது படகு ஓட்டும் அறை. அதே கம்பெனியின் இன்னும் சின்னப் படகு, 40 அடிதான், 2001–2002ல் உலகத்தையே சுற்றி வந்தது. அதனால்தான் 30 வயதான 46க்கும் பெரும்பாலும் இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் கேட்கிறார்கள், கிடைக்கவும் செய்கிறது. ஆட்டத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் துடுப்பு இருக்கிறதா, இருந்தால் அதன் சீல்கள் எப்போது மாற்றியது என்று பாருங்கள். பசிபிக்கில் அது இல்லாமல் பத்துப் பன்னிரண்டு நாள் ஆடிக்கொண்டே போவது உடம்புக்கு ஆகாது.

உங்கள் ஆசையைக் கேட்டு எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். ஆனால் முதல் வருஷம் பக்கத்தில் இருக்கும் கேட்டலினா தீவுக்கும் மெக்சிகோவின் பாஹா கரைக்கும் போய்ப் பழகுங்கள்.

கேள்வி: எங்கள் ஊருக்குப் பக்கத்தில் பாசிர் கூடாங்கில் கிராண்ட் பேங்க்ஸ் தொழிற்சாலை இருக்கிறது. இங்கே கட்டுவதும் நீங்கள் எழுதும் அதே படகுதானா?
– வாசகி, ஜோகூர் பாரு

பதில்: அதே கம்பெனி. ஹாங்காங்கில் ஆரம்பித்து, 1960களின் கடைசியில் சிங்கப்பூர் வந்து, அப்புறம் உங்கள் பக்கம் வந்தது. அமெரிக்கத் துறைகளில் நிற்கும் பழைய கிராண்ட் பேங்க்ஸ்களில் பெரும்பகுதி சிங்கப்பூரில் கட்டியவைதான். இப்போது கட்டுவது வேறு மாதிரி. 2014ல் ஆஸ்திரேலியாவின் பாம் பீச் கம்பெனியை வாங்கியபின், எடை குறைந்த, 20 நாட் வேகத்துக்கு மேல் சுலபமாகப் போகும் படகுகள் வருகின்றன. நல்ல படகுகள், ஆனால் விலை மில்லியன்களில்.

கேள்வி: சர்வேயர் வைக்காமல், விஷயம் தெரிந்த நண்பரை அழைத்துப் போய்ப் பார்த்தால் போதாதா?
– வாசகர், வட கரோலினா

பதில்: போதாது. நண்பரையும் கூட்டிப் போங்கள், சர்வேயரையும் வையுங்கள். எப்படியும் 20, 30 வயதுப் படகுக்கு சர்வே அறிக்கை இல்லாமல் இன்சூரன்ஸ் கிடைக்காது.

வழக்கமான முறை இது. நீங்கள் ஒரு விலை எழுத்தில் சொல்வீர்கள், விற்பவர் ஒத்துக்கொண்டால் பத்து சதவீதம் முன்பணம் புரோக்கரின் தனிக் கணக்கில் போகும். சர்வேயும் கடலோட்டமும் திருப்தியாக இல்லாவிட்டால் விலகிக்கொள்ளலாம், முன்பணம் திரும்பி வரும் என்று ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். அந்த வரியையும் கடைசித் தேதியையும் நீங்களே படித்துப் பாருங்கள். சர்வேயர் நீங்கள் அமர்த்துபவராக இருக்க வேண்டும், விற்பவரின் புரோக்கர் கை காட்டுபவர் வேண்டாம். அடிக்கு 25, 30 டாலர் என்று வாங்குவார்கள், படகைத் தண்ணீரிலிருந்து தூக்கும் செலவு தனி. எஞ்சினுக்கு ஒரு டீசல் மெக்கானிக் தனியாக வர வேண்டும், எண்ணெய் மாதிரி ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டும்.

அன்று முழுநாளும் கூடவே இருங்கள். நீங்கள் போவதற்கு முன்னாலேயே எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால் காரணம் கேளுங்கள், குளிர்ந்த எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்பதைப் பார்க்கத்தானே போகிறோம். கடலில் கொஞ்ச நேரமாவது முழு வேகத்தில் ஓட்டச் சொல்லுங்கள், அப்போதுதான் சூடு ஏறுகிறதா என்று தெரியும். அடிப்பக்கத்தில் சின்னச் சின்னக் கொப்புளம் இருந்தால் பயந்து ஓட வேண்டாம், பழைய ஃபைபரில் அது சகஜம், விலையில் குறைத்துக் கேட்கலாம். மேல்தளமும் தொட்டியும் போயிருந்தால்தான் மறுபடி உட்கார்ந்து முழுக்கணக்கும் போட வேண்டும். அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, ஐந்தாறு பெரிய விஷயத்தை மட்டும் எடுத்து, மரியாதையாகப் பேசுங்கள். எரியாத பல்புக்கெல்லாம் பேரம் பேசினால் விற்பவருக்கு மனம் விட்டுவிடும். நாற்பது வருஷப் படகை அவர் பிள்ளை மாதிரி வளர்த்திருப்பார், அந்தப் பழைய நோட்டுகளும் வயரிங் வரைபடமும் அவர் கையால் வர வேண்டியவை.

கேள்வி: எச்-1பி விசாவில் இருக்கிறேன். நான் வாங்க முடியுமா?
– வாசகர், டாலஸ்

பதில்: முடியும். மாநிலப் பதிவு செய்துகொள்ளலாம். கடலோரக் காவல்படையின் தேசியப் பதிவேட்டில் சேர்க்க மட்டும் அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும். சில வங்கிகள் அந்தப் பதிவு இருந்தால்தான் கடன் தரும், அதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சில விளம்பரங்களின் அடியில் "அமெரிக்க நீரில் இருக்கும்போது அமெரிக்கவாசிகளுக்கு விற்பனைக்கு இல்லை" என்று இருக்கும். வெளிநாட்டுக் கொடி, சுங்கவரி கட்டாத படகு. விலை கவர்ச்சியாக இருக்கும், உங்கள் நிலையில் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

கேள்வி: வாங்கியபின் வருஷத்துக்கு எவ்வளவு ஆகும்?
– வாசகி, ஃபோர்ட் மையர்ஸ்

பதில்: படகின் விலையில் பத்தில் ஒரு பங்கு என்பார்கள். பழைய மலிவுப் படகுக்கு அந்தக் கணக்கு சரிப்படாது. 40,000 டாலருக்கு வாங்கிய 36 அடிக்கும் 1,50,000க்கு வாங்கிய 36 அடிக்கும் துறை வாடகை ஒன்றுதான், அடியில் பூசும் பெயின்டும் ஒன்றுதான். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்க முடியாது. உங்கள் ஊரில் இன்சூரன்ஸ்தான் பெரிய கேள்வி. ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் காலம், படகை எங்கே வைப்பீர்கள், எப்போது மேலே தூக்குவீர்கள் என்று எழுத்தில் கேட்பார்கள். விலை பேசுவதற்கு முன்னாலேயே இன்சூரன்ஸ் கம்பெனியைக் கூப்பிட்டு, படகின் வயதைச் சொல்லி, எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். 1973க்கு முந்திய மரப்படகு என்றால் பலர் இல்லை என்றுதான் சொல்வார்கள்.

கேள்வி: கிரேட் லூப், அதாவது அமெரிக்காவின் கிழக்குப் பாதியை ஆறு, ஏரி, கடல் வழியாகப் படகிலேயே சுற்றி வரும் பாதையில் போக ஆசை. எந்த டிராலரும் ஆகுமா?
– வாசகர், சிகாகோ

பதில்: உயரம் ஒன்றுதான் தடை. சுமார் 6,000 மைல் சுற்றில் உங்கள் ஊருக்குத் தெற்கே ஒரு திறக்காத பாலம் இருக்கிறது, அதைத் தவிர்க்க வேறு வழி கிடையாது. தண்ணீரிலிருந்து 19 அடி 6 அங்குலத்துக்குள் இருந்தால்தான் அடியில் நுழையலாம். சிகாகோ நகருக்குள்ளேயே ஆற்றில் போக வேண்டும் என்றால் 17 அடிக்குள். பெரும்பாலான டிராலர்களில் கம்பத்தை மடிக்கலாம், ஆனால் மேலே கூரை போட்டு அதன்மேல் ரேடார் வைத்தவை இடிக்கும். விளம்பரத்தில் போட்டிருக்கும் உயரத்தை நம்பாமல், படகு தண்ணீரில் நிற்கும்போது நீங்களே டேப் பிடித்து அளந்துவிட்டு எழுதுங்கள்.